மொட்டை மாடியில் கட்டிய வண்டி

அய்யாவு தன் கேரவனில் ஒரு கிலோ குறைத்தால், அவர் குடியிருந்த வீடு கால் அங்குலம் மண்ணுக்குள் இறங்கியது. மண்டி மொஹல்லாவில் இதை முதலில் உணர்ந்தது பால்காரரின் கால். வாசலில் மூன்று படி ஏறிப் பழகிய அந்தக் கால் ஒரு நாள் காலை மூன்றாவது படியைத் தேடிக் காற்றை மிதித்தது. பால்காரர் குனிந்து எண்ணிப் பார்த்தார். இரண்டு படிதான் இருந்தது. பாலை ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தெருவும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை, ஏனென்றால் அன்றுதான் வெங்காய விலை ஏறியிருந்தது.

கேரவன் என்றதும் சினிமாக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து முகத்தில் மாவு அப்பிக்கொள்ளும் வண்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது பதினொரு பேர் படுத்துத் தூங்குவதற்கு. போன தசரா முடிந்த மறுநாள் வீட்டுக்காரர் பசவராஜ் வந்து, வீட்டை இடித்துக் கடைகள் கட்டப் போவதாகவும், அடுத்த தசராவுக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது தலையைச் சொறிந்துகொண்டார், நல்ல மனிதர். அய்யாவு விஜயநகரிலும் ஹெப்பாளிலும் வீடு தேடி அலைந்தார். எல்லாத் தரகர்களும் எத்தனை பேர் என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எஷ்டு ஜன?" அய்யாவு, மனைவி பொன்னம்மா, மூத்த மகள் உமாதேவி, மருமகன் முரளிதரன், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மகன் தீபக், கன்னட மருமகள் ஸ்வாதி, அவர்களுடைய கைக்குழந்தை, இளைய மகள் மனிஷா, கல்யாணம் ஆகாத தம்பி சித்தையன். "பதினொண்ணு" என்று அய்யாவு சொல்லி முடிப்பதற்குள் தரகரின் ஸ்கூட்டர் கிளம்பிவிடும். தொட்டையன் என்ற தரகர் மட்டும் நின்று பேசினார். "பதினோரு பேர்னா அது குடும்பம் இல்ல சார், கிரிக்கெட் டீம். மூணு மூணாப் பிரிஞ்சுக்குங்க, நாளைக்கே நாலு வீடு காட்டறேன்."

பிரிவது என்று கேட்டாலே அய்யாவுவின் நெஞ்சுக்குள் ஒரு பஸ் கிளம்பும். ஆறு வயதில், கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில், கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்து, "இங்கயே இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அப்பா நகர்ந்தார். கூட்டத்தில் வீட்டார் எல்லாரும் ஏறினார்கள், ஏறியவர்களை யாரும் எண்ணவில்லை, ஹனூர் பஸ் போய்விட்டது. மறுநாள் மத்தியானம்தான் வந்து கூட்டிப் போனார்கள். அதிலிருந்து ஐம்பது வருடமாக, தினமும் எட்டு மணிக்கு, தட்டு வைப்பதற்கு முன் அய்யாவு நடுக்கூடத்தில் நின்று வீட்டிலிருப்பவர்களை விரல் நீட்டி எண்ணுவார். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் சோறு. மனிஷா ஒரு நாள் சினேகிதி வீட்டில் தங்கியபோது, வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்து எண்ணிய பிறகுதான் குடும்பம் சாப்பிட்டது. "எங்கப்பா அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்குன்னே பொறந்தவர்" என்பாள் மனிஷா.

ஆகவே வீட்டையே உருட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தார். ஹனூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. அங்கே நிறுத்திக்கொள்ளலாம், வேலை இருக்கிற ஊருக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஹெப்பாளில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஷெட்டில் முப்பத்தோரு வருடம் வெல்டராக இருந்தவருக்கு இது பெரிய வேலையில்லை. தெருவோ எட்டடி அகலம், இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அதனால் மொட்டை மாடியில் கட்டினார். அடிச்சட்டமும் விலா எலும்புகளும் எழுந்து நின்ற பிறகுதான் முரளிதரன் கைப்பிடிச் சுவரிலிருந்து தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை எப்படிக் கீழ இறக்குவீங்க?" என்று கேட்டான். அய்யாவு நிமிர்ந்து தலைக்கு மேலே பார்த்தார். ஷெட்டில் அங்கேதான் கிரேன் ஓடும். முப்பத்தோரு வருடமாக எதைக் கட்டினாலும் மேலிருந்து ஒரு கொக்கி வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தது. இங்கே வானம் மட்டும் இருந்தது. "முதல்ல கட்டுவோம் மாப்பிள்ளை" என்றார். "இறங்கறது அதோட பாடு."

இழுப்பதற்கு ஒரு பழைய ஜீப் கிடைத்தது. மெக்கானிக் மாதப்பன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து ஆயிரம் கிலோவுக்கு மேல் ஒரு கிலோ போனாலும் ஹனூர் மேட்டில் பின்னால் உருளும், பின்னால் பள்ளம் என்று சொன்னான். தானிய மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசை இரவல் வாங்கி, ஆள் உட்பட எல்லாவற்றையும் நிறுத்துக் கூட்டினார்கள். ஆயிரத்து ஐந்நூற்று எண்பதுக்குக் கொஞ்சம் உள்ளே வந்தது. அய்யாவு இரும்பை அறுத்துப்போட்டு அலுமினியம் வைத்தார். வீடு மூன்றடி இறங்கியது. பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு ஃபைபர் ஷீட்டுக்கு நடுவே தெர்மோகோல் ஒட்டினார். ஜன்னல் பாதி மறைந்தது. பீரோ, ஆட்டுக்கல், கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாக வண்டியிலிருந்து கீழே வீட்டுக்குத் திரும்ப, ஒவ்வொன்றுக்கும் வீடு ஒரு பெருமூச்சு விட்டு அமிழ்ந்தது. மாநகராட்சி இன்ஜினியர் நாடாவால் அளந்து, அஸ்திவாரம் சரியில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பசவராஜ் சாக்கடை ஓரம் நின்று, "மனை ஏறும்னு சொல்லித்தான் வாங்கினேன் அய்யாவு, இது இறங்குதே மாராயா" என்றார்.

வாசல் கதவு மண்ணுக்குள் போன பிறகு குடும்பம் தெருவிலிருந்து ஏணி வைத்து மாடிக்கு ஏறி, மாடிப்படி வழியாக வீட்டுக்கு இறங்கியது. வாரத்துக்கு வாரம் ஏணி சின்னதாகிக்கொண்டே வந்தது. பல்லிகள் யாரிடமும் சொல்லாமல் காலி செய்துவிட்டன. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேலேறிப் போயின. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பாலிருந்து மண், உள்ளே என்ன சமையல் என்று கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குள் கத்துவதை நிறுத்திக்கொண்டார்கள். அய்யாவுவுக்கு மட்டும் கணக்கு புரிந்துவிட்டது: மேலிருந்து வரவேண்டிய கொக்கி கீழிருந்து வந்துகொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ரிவெட் இரண்டு கோணலாக விழுந்தது.

ஆவணி பிறந்தபோது மொட்டை மாடி, தெருவுக்கு மேலே ஒன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவாக நின்றது. மொத்த எடை ஆயிரத்து ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் கழற்ற வண்டியில் ஓர் ஆணிகூட இல்லை. அய்யாவு தனியாகத் தராசில் ஏறிப் பார்த்தார்: ஐம்பத்தெட்டு. தராசுக்கும் கிண்டல் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இறங்கிப் போய், வண்டிக்குள் படுக்கைகளுக்கு மேல் பெயர் எழுதி ஒட்டினார். பொன்னம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏனுங்க, பத்துப் பேருதான் இருக்குது."

"மூணாங்கிளாஸோட நின்னவன் எழுதினா அப்படித்தான் இருக்கும் புள்ள."

"உங்க பேரு எங்க?"

"நான் பின்னால பஸ்ல வந்துக்கறேன். சன்னல் சீட்டு."

"விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அம்பது வருசமா எங்களை எண்ணிட்டு இருக்கற மனுசன், இப்பத் தன்னையே விட்டுட்டு வாரேங்கறீங்களா?" பொன்னம்மா அவர் கையிலிருந்த பசை டப்பாவைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "கட்டிலும் பீரோவும் மட்டுந்தான் எடையா? ஆளாளுக்கு உள்ளுக்குள்ள சுமந்துட்டுத் திரியறது எடையில்லியா? நகருங்க, நான் முதல்ல போறேன்."

அன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். ஆனாலும் கீழே டார்ச் இல்லாமல் கை தெரியாது. பொன்னம்மா இறங்கிப் போய், ஏறி வந்தபோது ஏழு கிலோ குறைந்திருந்தாள். கல்யாணத்தன்று ஒருத்தர் தன்னைச் சொன்ன ஒரு சொல்லைத் தண்ணீர் டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். என்ன சொல் என்று கேட்டதற்கு, "தெரியலியே" என்று சிரித்தாள். வீடு இறங்கியது. உமாதேவி, முதலில் பிறந்து பேர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தையைப் புளிப்பானைக்குப் பின்னால் படுக்க வைத்துவிட்டு வந்தாள், பதின்மூன்று கிலோ. முரளிதரன், ஃபேக்டரி வாசலில் ஒட்டிய பட்டியலில் தன் பெயரைக் காணாமல் நின்ற ஒரு காலையை ஆணியில் மாட்டிவிட்டு வந்தான், பன்னிரண்டு. தீபக்கும் ஸ்வாதியும் சேர்ந்து போய், ஸ்வாதியின் அப்பா அவர்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய சத்தத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள், இருவருக்குமாகப் பதினொன்று. மனிஷா ஒரு நான்கு கிலோவை வைத்துவிட்டு வந்தாள், அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் இன்னும் எதுவும் சேர்ந்திருக்கவில்லை. சித்தையன் மட்டும் போன எடையிலேயே திரும்பி வந்தான். "ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தனுங்கண்ணா. எல்லாமே வேணும்னுதான் தோணுது."

மேலே வந்தவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தார்கள். உமாதேவி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் முணுமுணுத்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அய்யாவுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் தராசு இன்னும் பதினொரு கிலோ கேட்டது. அவர் இறங்கிப் போய் நடுக்கூடத்தில், தினமும் நின்று எண்ணுகிற இடத்தில் நின்றார். நெஞ்சுக்குள்ளிருந்து அந்த ஆறு வயதுப் பையனை, பொரிப் பொட்டலத்தோடு, பத்திரமாக வெளியே எடுத்து அங்கே நிறுத்தினார். பையன் நிமிர்ந்து பார்த்தான். "இங்கயே இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அய்யாவு படியேறினார்.

மொட்டை மாடி தெருவோடு தெருவாக வந்து உட்கார்ந்தது. கைப்பிடிச் சுவரை இடித்ததும் கேரவன் தானாக உருண்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றது. எல்லாரும் ஏறினார்கள். பொன்னம்மா தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, எண்ணலியா?" என்றாள். "எதைப் புள்ள?" என்றார் அய்யாவு, வெயிலில் சிரித்துக்கொண்டு. பொன்னம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் முரளிதரன் ஜீப்பைக் கிளப்பிவிட்டான்.

மறுநாள் மாலை சித்தையன் மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தான். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நிறுத்தினார்களாம். பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் வண்டி இல்லை. போன் செய்தால், "அட, நீ வண்டியில இல்லியா? சரி சரி, பார்த்துச் சாப்பிடு" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். "திட்டியிருந்தா தைரியமா இருந்திருக்கும்" என்று தெருமுனை டீக்கடைக்காரரிடம் சொன்னான் சித்தையன். பஸ் ஸ்டாண்டிலேயே அடுத்த நாள் வரை காத்திருந்துவிட்டு, வண்டி எங்கே நிற்கும் என்று அண்ணன் சொல்லாததால், தெரிந்த ஒரே விலாசமான இங்கே வந்தான்.

அன்று எட்டு மணிக்கு மொட்டை மாடிக்கு அடியிலிருந்து யாரோ எண்ணுவது கேட்டது. குரல் ஆறு வயதுப் பையனுடையது. அந்தப் பதற்றம் மட்டும் அய்யாவுவினுடையது. ஒண்ணு, ரெண்டு என்று வண்டியில் போனவர்களை எண்ணி, பத்தில் வந்து நின்றது. தெரு காத்திருந்தது. சித்தையன் மாடிப்படிக் கதவில் வாயை வைத்து, "பதினொண்ணு. நான் இங்கதான் இருக்கறனுங்கண்ணா" என்றான். அடங்கியது. அதன் பிறகு தினமும் அப்படித்தான். சித்தையன் தானிய மண்டியில் மூட்டை தூக்கினான், எட்டு மணிக்கு மாடிக்கு வந்து உட்கார்ந்தான். பசவராஜ் கடை கட்டும் யோசனையை விட்டுவிட்டு மாடியை ஸ்கூட்டர் நிறுத்த வாடகைக்கு விட்டார். பதினொன்று கேட்டதும் கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்தார்கள், கடிகாரம் தேவைப்படவில்லை.

இந்தத் தசரா முடிந்த வெள்ளிக்கிழமை, எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. சித்தையன் பத்துக்காகக் காத்திருந்தான். பிறகு மெதுவாக, "பதினொண்ணு" என்றான். கீழே அது எடுபடவில்லை. முதலிலிருந்து எண்ணி, மறுபடி ஒன்பதில் நின்றது. சித்தையன் அண்ணனுக்குப் போன் செய்தான். "எல்லாரும் இருக்கறோம்டா, இல்லாம எங்க போயிடுவாங்க?" என்றார் அய்யாவு. பின்னால் காற்றுச் சத்தமும், யாரோ பாட்டு முணுமுணுப்பதும் கேட்டது. கீழே பையன் மூன்றாவது தடவையாக ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். சித்தையன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய் நின்றான், வருவது யாராக இருந்தாலும் அவர்களுக்கும் இந்த விலாசம்தானே தெரியும். அன்றிலிருந்து முனைக் கடைக்காரர், கொள்ளேகால் பஸ் வருகிற நேரத்துக்கு, யாரும் கேட்காமலே ஒரு டீ கூடுதலாகப் போட்டு வைக்கிறார்.