பதினேழாம் எண் தட்டு

பிறருடைய கட்டிகளை உயிரோடு வளர்ப்பது அவள் வேலை. புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் அவள் தொழில்நுட்பர். நோயாளியின் உடம்பிலிருந்து ஊசி வழியே எடுத்த, நூல் துண்டு போன்ற சதை ஒரு குப்பியில் வரும். மேலே பெயர் இருக்காது, எண் மட்டும். அவள் அதை நறுக்கி, செல்களைப் பிரித்து, கூழ்ச் சொட்டுகளுக்குள் பதித்து, உடம்புச் சூடு மாறாத பெட்டிக்குள் வைப்பாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊட்டநீர் மாற்ற வேண்டும். ஞாயிறு என்று ஒன்று அந்தச் செல்களுக்குக் கிடையாது என்பதால் அவளுக்கும் கிடையாது.

மூன்று நான்கு வாரத்தில் செல்கள் ஒன்றுகூடி, உடம்பில் இருந்த கட்டியின் குணத்தோடே குட்டிக் கட்டிகளாக உருளும். தட்டில் வரிசையாக இருக்கும் குழிகளில் அவற்றைப் பிரித்துப் போட்டு, குழிக்கு ஒரு மருந்து விட்டு, எது சாகிறது, எது சாகவில்லை என்று பார்ப்பார்கள். முதல் நாற்பது பேருக்கு இந்த முடிவைச் சொல்லக் கூடாது என்பது ஆய்வின் விதி. மருத்துவர்கள் வழக்கமான மருந்தையே கொடுப்பார்கள். தட்டு சொன்னபடிதான் உடம்பிலும் நடந்ததா என்று பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அவள் வேலைக்குப் போகும் ஏழு நாற்பது பேருந்தை ஆறு வருடமாக ஓட்டியவள் ஐம்பத்திரண்டு வயதுப் பெண். புறப்படுமுன் கிடைக்கும் பத்து நிமிடத்தில் இருவரும் பேசுவார்கள். என்ன வேலை என்று ஒருநாள் கேட்டதற்கு, "செல் வளர்க்கறேன்க்கா" என்றாள். அன்றிலிருந்து ஓட்டுநர் அவளைச் செல்லு என்றே கூப்பிட்டாள்.

போன வருடம் ஓட்டுநருக்குப் பெருங்குடலில் புற்று வந்து அறுவை நடந்தது. இந்த வருடம் அது ஈரலுக்குப் போயிருந்தது. பேருந்து ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால், புறப்படும் நிறுத்தத்திலேயே நேரம் குறிக்கும் கூண்டில் உட்கார வைத்தார்கள்.

"வியாழக்கிழமை ஈரல்ல ஊசி போட்டு எடுத்தாங்க செல்லு. உங்க ஆராய்ச்சிக்கும் ஒரு துண்டு கேட்டாங்க. தாராளமா எடுத்துக்கோங்க, எனக்கு எதுக்கு அதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்த வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு ஈரல் துண்டு ஒன்றுதான் வந்தது. எண் பதினேழு. செல்லு துருவித் தேடவில்லை. தானாகத் தெரிந்துவிட்டது.

ஆறாவது வாரம் பதினேழாம் எண்ணின் முடிவு வந்தது. வழக்கமான மருந்து விட்ட குழிகளில் கட்டிகள் ஒன்றும் நடக்காதது போல வளர்ந்திருந்தன. மருந்தின் அளவைக் கூட்டிய குழியிலும் அப்படித்தான். வேறு வகைப் புற்றுக்கென்று வந்த இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விட்ட குழியில் மட்டும் அவை உடைந்து கறுத்துக் கிடந்தன. செல்லு இரண்டாம் முறை எண்ணினாள். பிறகு சக ஊழியரையும் எண்ணச் சொன்னாள். மாறவில்லை. ஓட்டுநர் அதற்குள் வழக்கமான மருந்தை இரண்டு தடவை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

செல்லு நேராக ஆய்வின் தலைவியிடம் போனாள்.

"மேடம், பதினேழு யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவங்க. அந்த மருந்து அவங்களுக்குக் கேட்காது."

தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தட்டுல கேட்கலைன்னு சொல்லு. உடம்புல கேட்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இதுவரைக்கும் பதினாறு பார்த்திருக்கோம். பதிமூணு சரியா வந்திருக்கு."

"மூணு தப்பாப் போயிருக்கு. அந்த மூணு மாதிரி இவங்களும் இருந்தா? கேட்கற மருந்தை நிறுத்திட்டு கேட்காததைக் கொடுத்தவங்க ஆயிடுவோம். அதுக்குத்தான் நாற்பது பேர் முடியட்டும்னு இருக்கோம். யாருன்னு தெரிஞ்சதால உனக்கு மனசு கேட்கலை. தெரியாம இருந்திருந்தா இங்க வந்திருப்பியா?"

பதினொன்றாம் எண்ணுக்கும் இதே போலத்தான் வந்தது. அன்று செல்லு குறித்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள்.

மறுநாள் முதல் அவள் கூண்டு இருந்த நிறுத்தத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டு நிமிடம் நடந்து அடுத்த நிறுத்தத்தில் ஏறினாள். வீட்டில் கணவன், "உடம்பைக் குறைக்கப் போறியா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

நான்கு தடவை மருந்து ஏற்றியபின் ஓட்டுநருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் இருந்த கட்டி பெரிதாகியிருந்தது. பக்கத்தில் புதிதாக இரண்டு. தட்டு சொன்னது சரியாகப் போயிற்று.

அதே வாரம் தலைவி செல்லுவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினாள். செல்லு வந்து பேசிய மறுநாளே அவள் நெறிமுறைக் குழுவுக்கு எழுதியிருந்தாள். வழக்கமான மருந்து தோற்றுவிட்டது என்று ஸ்கேனில் உறுதியானவர்களுக்கு மட்டும் தட்டின் முடிவைத் தெரிவிக்கலாம் என்று குழு இப்போது அனுமதித்திருந்தது.

"நீயே வந்து விளக்கு. தட்டைப் பத்தி உன்னை விட யாருக்குத் தெரியும்?"

மருத்துவரின் அறையில் ஓட்டுநரும் அவள் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பிரிப்பவர். முப்பது வருடச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. எல்லாரும் பேசி முடித்தபின் ஒரு வார்த்தை கேட்பார், அது சரியான இடத்தில் இருக்கும். செல்லு எந்தக் குழியில் என்ன நடந்தது என்று சொன்னாள். மாத்திரைகளைப் பற்றி மருத்துவர் சொன்னார்.

கணவர் கேட்டார். "இது எப்பத் தெரிஞ்சுது?"

மருத்துவர் செல்லுவைப் பார்த்தார்.

"அஞ்சு வாரம் ஆச்சு" என்றாள் செல்லு.

"எத்தனை?"

அவள் சத்தமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஓட்டுநர் செல்லுவின் பக்கம் திரும்பினாள். "எனக்குன்னு தெரிஞ்சே இருந்தியா?"

"தெரியும்க்கா."

"அதான் கூண்டுப் பக்கம் ஆளையே காணோம். வேலையை விட்டுட்டியோன்னு நினைச்சேன்." விரல்களை மடக்கிப் பார்த்தாள். "ரெண்டு தடவை கூட ஏத்திக்கிட்டேன் செல்லு. ஒவ்வொரு தடவையும் நாலு நாள் வாந்தி. விரல் மரத்துப்போய் பொத்தான் போட முடியலை, இவர்தான் போட்டுவிடறார். முன்னாடி பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சா பக்கத்துல இருக்கறவன் கத்த மாட்டானா?"

"பள்ளமா நிழலான்னு எங்களுக்கே உறுதியாத் தெரியலைக்கா. சொல்லி அது தப்பாப் போயிருந்தா, நல்ல மருந்தை நானே நிறுத்தின மாதிரி ஆயிருக்கும்."

"இருக்கலாம். ஆனா பேசிட்டாவது போயிருக்கலாம்ல."

செல்லு மன்னிப்புக் கேட்டாள். ஓட்டுநர் மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம், ஓட்டுநர் இரண்டாம் மாடிக்கு வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள். முகமெல்லாம் சிவந்து பருப் பருவாக இருந்தது. மருந்து வேலை செய்யும்போது தோலில் அப்படி வரும்.

"இந்த வயசுல பரு. இவர் என்னைப் பார்த்து, காலேஜுக்குப் போறியான்னு கேக்கறார். சரி, என்னோடதைப் பார்க்கணும். காட்டுவியா?"

தலைவி தலையசைத்தாள். செல்லு அவளுக்கு மேலங்கியும் கையுறையும் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து, மருந்து விடாமல் வளர்க்கும் பதினேழாம் எண் தட்டு ஒன்றை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். ஓட்டுநர் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில், ஓரம் மின்னும் உருண்டைகள்.

"இவ்வளவு அழகா இருக்கே, சனியன்."

"நல்லா வளருதுக்கா."

"வளரும், வளரும். வேளாவேளைக்கு நீ ஊட்டி விடறே." நிமிர்ந்தாள். "செல்லுன்னா போன்னுதானே அர்த்தம்? இது மட்டும் ஏன் போக மாட்டேங்குது?"

செல்லுவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஓட்டுநர் அடக்கவில்லை. கோபம் முழுவதும் போய்விட்டதென்று சொல்ல முடியாது. அதன்பின் கூண்டின் முன்னால் நின்று பேசினார்கள். முன்போலப் பத்து நிமிடம் இல்லை, இரண்டு மூன்று நிமிடம்.

எட்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி பாதியாகியிருந்தது. புதிய இரண்டில் ஒன்றைக் காணவில்லை. மற்றொன்று இம்மியும் குறையவில்லை. தட்டில் இந்த மாத்திரைகள் விட்ட குழியில் எல்லாமே செத்துப்போயிருந்தன. உடம்பில் அப்படி நடக்கவில்லை. தலைவி அதை அப்படியே அறிக்கையில் எழுதினாள். நான்கு மாதம் கழித்து, எஞ்சியிருந்த இரண்டையும் அறுவை மருத்துவர் வெட்டி எடுத்தார். ஓட்டுநர் மறுபடி பேருந்து ஓட்டினாள், கூட்டமில்லாத குறுகிய தடத்தில், பகல் பணியாக.

பதினோரு மாதம் ஓட்டினாள். அதன்பின் ஈரலின் மறுபக்கத்தில் பட்டாணி அளவில் ஒன்று தெரிந்தது. மீண்டும் துண்டு எடுக்க வேண்டும், மீண்டும் வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

நாற்பது பேர் முடிந்து ஆய்வின் அடுத்த கட்டம் ஆரம்பித்திருந்தது. ஒப்புதல் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி இருந்தது: முடிவு உறுதிப்படாத நிலையிலும் அதை நீங்கள் அறிய விரும்புகிறீர்களா? செல்லுதான் படிவத்தைக் கொண்டுபோனாள்.

ஓட்டுநர் பேனாவைப் பிடித்தபடி யோசித்தாள். கணவர், "வேணும்னு போடு" என்றார்.

"இருங்க. தப்பாவும் வரலாமாம்." செல்லுவைப் பார்த்தாள். "நீ இந்த இடத்துல இருந்தா?"

"தெரியலைக்கா. ஒவ்வொரு தடவை இந்தப் படிவத்தை எடுக்கும்போதும் யோசிக்கறேன்."

"நல்ல ஆளு." ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டாள். விரல்களின் மரப்பு இன்னும் முழுதும் போகாததால் கோடு கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊசி எந்தக் கிழமை என்று கேட்டாள்.

செவ்வாய் என்றாள் செல்லு.