ஏரி நளினியும் கட்டில் நளினியும்

ஹேமாம்புஜம் தவணை முறையில் அழுகிறவள் இல்லை. வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் அரிசி டின்னின் மூடிமேல் அடுக்கி வைப்பாள். ‘முற்றும்’ என்ற சொல் வந்த பிறகுதான் அந்தக் கட்டு பைண்டிங்குக்குப் போகும். அட்டை போட்டு, முதுகில் கறுப்புத் துணி ஒட்டிப் புத்தகமாகத் திரும்பி வந்ததும், தளிகை வேலை முடிந்த ஒரு பிற்பகலில் காலை நீட்டி உட்கார்ந்து, மொத்தமாக அழுது தீர்ப்பாள்.

அதுவும் எல்லாக் கதைக்கும் இல்லை. சேரக் கூடாதவர்கள் சேர ஆசைப்பட வேண்டும். ஜாதியோ மதமோ பழைய பகையோ குறுக்கே படுத்திருக்க வேண்டும். கடைசியில் இருவரும் செத்துப்போனால் உத்தமம். அப்படிப்பட்ட புத்தகங்கள் அவளுடைய அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருந்தன.

கணவர் சம்பத்குமார் அவற்றைப் பொய்க் கதை என்பார். திருவள்ளூர்க் கோயிலில் பிரபந்த கோஷ்டியின் முன்வரிசையில் நின்று பாசுரம் சேவிக்கிறவர் அவர். ஆனால் அந்தப் புத்தகங்களைப் பிரித்தால் காதலர்கள் ரகசியமாகச் சந்திக்கிற பக்கங்களில் காய்ந்த துளசி இலை இருக்கும். எத்தனையோ வருஷமாக ஹேமாம்புஜம் அதைப் பார்த்து வருகிறாள். கேட்டதில்லை. மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் அது அவர் படிப்பதற்கான நேரம்.

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் அப்படி ஒரு புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்தது. மகள் கமலவல்லிதான் வாங்கி வந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால், போகிற வழியில் கட்டைக் கொடுப்பதும் வாங்குவதும் எப்போதும் அவள் வேலை. புத்தகத்தை அம்மாவிடம் நீட்டியவள் முகத்தைக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூச்சம் போலிருக்கிறது என்று ஹேமாம்புஜம் நினைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

நளினி கோயில் தெருப் பெண். ஆல்பர்ட் வேதக்காரப் பையன். இரண்டு வீட்டுக் கதவும் அவர்களுக்கு மூடிவிட்டன. மழை கொட்டுகிறது. கைகோர்த்து ஏரிக்கரையில் நிற்கிறார்கள். நளினி கடைசியாக ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். ஹேமாம்புஜம் முந்தானையைத் தயாராகக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

அடுத்த பக்கத்தில் ஒரு கட்டில் வாசற்படியில் மாட்டிக்கொண்டிருந்தது.

நளினியின் புருஷன் ராஜு வாங்கி வந்த கட்டில். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நளினி உள்ளே நின்று திட்டுகிறாள், ராஜு தெருவில் நின்று பதில் சொல்கிறான், பால்காரர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறார். கடைசியில் தெருவில் நீட்டிக்கொண்டிருந்த பாதியில் இருவரும் உட்கார்ந்து சாத்துமுது சாதம் சாப்பிடுகிறார்கள்.

ஹேமாம்புஜத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கதைக்குப் போட்டிருந்த படத்தில் அதே நளினிதான். அதே பெரிய கண், அதே பொட்டு. பிழைத்துவிட்டார்கள். ஊரை விட்டு ஓடினவர்கள் பேரை மாற்றிக்கொள்வது நடக்கிறதுதானே, ஆல்பர்ட் ராஜுவாகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள். படித்து முடித்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். சமையலறையிலிருந்து கமலா எட்டிப் பார்த்தாள்.

“என்னம்மா, ஏரிக் கதைக்கா சிரிக்கறே?”

“ஏரியாவது ஒண்ணாவது. ரெண்டும் சௌக்கியமா இருக்குடி. கட்டில்தான் உள்ளே போக மாட்டேங்கறது.”

கமலா அருகில் வந்து பக்கங்களைப் புரட்டினாள். வாரா வாரம் படிக்கிற பெண். முடிவு அவளுக்குத் தெரியும். “இது வேற கதைம்மா, நளினியும் வேற. படம் போடறவர்தான் ஒருத்தர். மாத்திக் கட்டியிருக்கு. நிஜக் கதையில ரெண்டு பேரும் செத்துப் போயிடறா” என்றாள். சொன்னவள் கண்ணில் நீர் நின்றது. கதைக்காக இவ்வளவு அழுகிற பெண் இல்லையே என்று ஹேமாம்புஜத்துக்குத் தோன்றியது.

மறுநாள் புத்தகத்தோடு பைண்டிங் கடைக்குத் தானே புறப்பட்டாள். ரயில்வே கேட்டைத் தாண்டி, மணவாள நகர் பக்கம் ஒற்றை அறைக் கடை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை வாசம் தெருவரைக்கும் வந்தது. பைண்டர் யேசுதாஸ் தலை குனிந்து நின்றிருந்தான். அவன் எதிரில் ஆஸ்பத்திரி ஆயா உடுப்பில் ஒரு அம்மாள், கையில் ஒரு புத்தகத்தை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

“நல்லா சிரிச்சிகினு இருந்தாங்கடா ரெண்டு பேரும். கட்டில கொண்டாந்தாங்க. அடுத்த பக்கத்துல போயி ஏரில வுயுந்து செத்துட்டாங்க. ஒரு கட்டிலுக்கா சாவாங்க? ரெண்டு நாளா எனக்கு நாஷ்டா எறங்கல.”

“மாத்திக் கட்டிட்டேம்மா.”

“பெத்த அம்மாவுக்கே இப்படி கட்டிக் குடுத்தா மத்தவங்களுக்கு இன்னா கட்டுவ நீ?”

ஹேமாம்புஜம் தன் புத்தகத்தை மெதுவாக மேசைமேல் வைத்தாள். “உங்க கட்டில் எங்கிட்ட இருக்கு” என்றாள்.

யேசுதாஸின் அம்மா ரோசம்மாள் புத்தகத்தைப் பார்த்தாள், ஹேமாம்புஜத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். யேசுதாஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டான். நோயாளிகள் விட்டுப்போகிற பத்திரிகைகளைச் சேர்த்து வைத்து மகனிடம் கட்டிக்கொள்வது ரோசம்மாளின் வழக்கம். வாரா வாரம் அவளும் படிப்பதில்லை. “துண்டு துண்டா படிச்சா மனசுல நிக்காது மாமி” என்றாள். ஹேமாம்புஜத்துக்கு அந்த அம்மாளை அப்போதே பிடித்துப்போயிற்று.

கட்டில் கடைசியில் என்ன ஆயிற்று என்று ஒருத்தி சொன்னாள். ஏரியில் என்ன நடந்தது என்று மற்றவள் சொன்னாள்.

“பெத்தவா வாயைத் திறந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு ஏரிக்கா போயிருக்கும்?” என்றாள் ஹேமாம்புஜம்.

“அத்தச் சொல்லுங்க. நானா இருந்தா அதுங்க ரெண்டையும் நானே இட்டுக்கினு போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மொத கையெழுத்து போடுவேன்.”

“ரெண்டாவது கையெழுத்து என்னோடது.”

யேசுதாஸ் பசைத் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தான்.

ரோசம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். “ஆமா, இத்தினி வருசமா ஒரு பக்கம் மாறுனது இல்ல. அன்னிக்கி இன்னா கேடு உனக்கு?”

“மனசு சரியில்லமா.”

“மனசுக்கு இன்னா?”

அவன் தாயைப் பார்க்கவில்லை. ஹேமாம்புஜத்தைப் பார்த்தான். “கமலா வந்து சொல்லிச்சு மாமி. ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வராங்கன்னு. அப்பால எதை எடுத்தேன், எதை வச்சேன்னு எனக்கே தெரியல.”

ஒரு கூட்ஸ் வண்டி கேட்டைக் கடக்க ஆரம்பித்தது. அது முழுவதும் போய் முடிகிறவரை ரோசம்மாள் மகனையே பார்த்தாள். இந்தக் கடைக்குக் கமலாவை அனுப்பியது யார் என்று ஹேமாம்புஜம் யோசித்தாள். தானேதான். கதை ஒவ்வொன்றாகக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கோயில், தெரு, கோஷ்டியின் முன்வரிசை எல்லாம் மனத்தில் வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால், நேற்று புத்தகத்தைப் புரட்டும்போது நீர் நின்ற கமலாவின் இரண்டு கண்கள்.

ரோசம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “பாவி. மாமி மின்னாடி கையெழுத்துன்னு சொல்ல வச்சிட்டியேடா. சர்ச்சுல பாதர் கேட்டா நான் இன்னான்னு சொல்றது?”

“நீதான சொன்ன.”

“கதைக்குச் சொன்னேன்டா.”

“நானும் கதைக்குத்தான் சொன்னேன்” என்றாள் ஹேமாம்புஜம். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா சொன்னது சொன்னதுதான்” என்றாள்.

ரோசம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். யேசுதாஸ் கத்தியை எடுத்து, இரண்டையும் பிரித்து இப்போதே சரியாகக் கட்டித் தருவதாகச் சொன்னான்.

“இப்ப வேண்டாம்” என்று ஹேமாம்புஜம் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். “இதை ஒருத்தர் இன்னும் படிக்கலை.”

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அலமாரியில் வழக்கமான இடத்தில் வைத்தாள். கமலாவிடம், “கடைக்குப் போயிருந்தேன். ரோசம்மாவைப் பார்த்தேன்” என்று மட்டும் சொன்னாள். கமலா சுவரோடு சுவராக நின்றாள். ஹேமாம்புஜம் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, மத்தியானம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மறுநாளும் கேட்டது. இரண்டாம் நாள் சம்பத்குமார் சத்தம் வராமல் சிரிக்கப் பாடுபடுவதும் கேட்டது.

சனிக்கிழமை காலையில் அவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தார்.

“ஏண்டி, அவா ரெண்டு பேரும் பொழைச்சுட்டாளா?”

“எவா?”

அவர் காபியை ஆற்றினார். “அதான், அந்த ஏரிக்கரைப் பொண்ணு. சும்மா புரட்டிப் பார்த்தேன். அந்தப் பையன் பேரை மாத்திண்டுட்டான் போலிருக்கே. பேரை மாத்திண்டா மட்டும் ஊருக்குத் தெரியாமப் போயிடுமா?”

“யேசுதாஸ் பேரை மாத்திக்க வேண்டாம்னு நினைக்கறேன்.”

“எந்த யேசுதாஸ்?”

“பைண்டிங் பண்ற யேசுதாஸ். நம்ம கமலாவுக்கு.”

டம்ளர் அந்தரத்தில் நின்றது. ஹேமாம்புஜம் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். “ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் புஸ்தகம் தப்பா கட்டினது. நிஜத்துல ரெண்டு பேரும் ஏரியில விழுந்துடறா. கட்டில் வேற கதை.”

காபி ஆறிப்போயிற்று. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவள் காத்திருந்தாள். அவருடைய மௌனங்களில் எது கோபம், எது யோசனை என்று அவளுக்குத் தெரியும். இது யோசனை.

“நோக்கு எந்த முடிவு பிடிச்சுது?” என்றார்.

“படிக்கறதுக்கு ரெண்டும் பிடிச்சுது. நம்மாத்துக்கு ஒண்ணுதான் ஆகும்.”

“கோஷ்டியில என்னைச் சேர்த்துக்க மாட்டா.”

“மாட்டா.”

அவர் எழுந்து ஜன்னலருகில் போய்க் கோபுரத்தைப் பார்த்தபடி நின்றார். “பின்னால ஜனங்களோட நின்னு சேவிக்கறேன். குரல் கொஞ்சம் தூக்கினாப் போச்சு. பெருமாளுக்குக் காது கேக்காதா என்ன?” என்றார். பிறகு திரும்பி, “காஞ்சிபுரத்துக்காராளுக்கு இப்பவே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அவா பூ வாங்கிடப் போறா” என்று சட்டையைத் தேடினார்.

சட்டையை நீட்டியவள் கமலா. எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு நின்றாளோ, சட்டை முழுக்கக் கசங்கியிருந்தது. “இஸ்திரி போட்டிருந்தேனே” என்றார் சம்பத்குமார். அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் கசங்கின சட்டையையே போட்டுக்கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.

சித்திரையில் ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்தது. முதல் கையெழுத்தை ரோசம்மாள் பிடிவாதமாகப் போட்டாள். கோயில் தெருவில் சில வீடுகள் பேச்சை நிறுத்தின. பேசின வீடுகள் முன்னைவிட அதிகமாகப் பேசின. கோஷ்டியில் சம்பத்குமாரின் இடத்தில் வேறொருவர் நின்றார். பின்னாலிருந்து வந்த குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது என்று கோயிலுக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரி ரோசம்மாளிடம் சொன்னாளாம்.

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை இரண்டு புத்தகங்களையும் பிரித்துச் சரியாகக் கட்டிக்கொடுத்தான். “இப்படியே இருக்கட்டும்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன் மாமி” என்றான்.

“ஏன்? எனக்கு அழ வேண்டாமா? வேற எங்கே போய் அழுவேன் இனிமே?” என்றாள் அவள்.

தளிகை வேலை முடிந்த ஒரு பிற்பகலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். மழை கொட்டியது, நளினி கடைசியாக ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், இம்முறை பக்கத்தைத் திருப்பினால் ஏரியேதான். ஹேமாம்புஜம் எதையும் மிச்சம் வைக்காமல் அழுதாள். முந்தானை நனைந்து, மூக்கு சிவந்து, நெஞ்சு லேசாகி, ‘முற்றும்’ வரைக்கும் வந்து சேர்ந்தபோது கூடத்திலிருந்து சம்பத்குமாரின் குரல் கேட்டது.

“ஹேமா, முடிச்சுட்டயா? அதை இப்படிக் குடு.”

துளசி இலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.