காதருகே ஒரு சிட்டிகை

1.

இந்தக் கதை ஒரு இனிப்புப் பெட்டியிலிருந்து வந்தது. சுங்க அலுவலக வாசலில் காவலாளி திருப்பிக் கொடுத்த பெட்டி அது.

"மேடத்துக்குன்னு எதுவும் உள்ள போகக்கூடாதுங்க. ஒரு வாழைப்பழம்கூட ஆகாது."

அக்கா அங்கேயே பெட்டியைப் பிரித்தாள். எனக்கு ஒன்று கொடுத்தாள், காவலாளியிடம் ஒன்று நீட்டினாள் (அவரும் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்), மிச்சத்தைத் தானே தின்னத் தொடங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ கதைதானேடா எழுதற? அவங்களுக்கு ஒரு கதை எழுதிக் குடு. அதைப் போய் லஞ்சம்னு எவன் சொல்லப்போறான்?"

என் எழுத்தின் மதிப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வாசகரே, இது நன்றிக்கடன். (இந்தச் சொல் வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும்.)

2.

முதல் தொடக்கம், நாங்கள் எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில் எழுதியது:

"இரும்பு முகம் கொண்ட அந்த அதிகாரி, ஒரு குழந்தையின் உணவைத் தன் மேசையில் சிறைவைத்து..."

அடித்துவிட்டேன். நேரில் பார்த்தபோது அவருக்குச் சரியான ஜலதோஷம். கோப்பு கோப்பாகத் தும்மிக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்தவரை இரும்பு முகம் என்று எப்படி எழுதுவது?

இரண்டாவது தொடக்கம்:

"மனித உடல் சர்க்கரையைச் சேமிக்கும் முறையானது..."

பாடப்புத்தகம். அதுவும் போச்சு.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவின் மகளை நாங்கள் குட்டி என்போம். அவள் உடம்பு உடைக்க முடியாத உண்டியல் மாதிரி. சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், தேவைப்படும்போது திருப்பித் தராது. அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மக்காச்சோள ஸ்டார்ச்சைப் பச்சைத்தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறாள். பச்சையாக இருந்தால்தான் அது மெதுவாகச் செரித்து அவளைத் தாங்கும். வெந்த ஸ்டார்ச் என்றால் சட்டென்று செரித்துவிடும். அப்புறம் சர்க்கரை விழும், வலிப்பு வரும். ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை எழுத மாட்டேன்.

டாக்டர் சொன்ன ஸ்டார்ச் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இதே நோய் உள்ள சில வீடுகள் சேர்ந்து வரவழைக்கிறோம்.

3.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மாவு மேடம். மாவு, ரவை, மால்ட், ஸ்டார்ச், தவிடு என்று தானியத்திலிருந்து வரும் எதுவானாலும், அது எந்தச் சுங்க வரி எண்ணின் கீழ் நாட்டுக்குள் நுழையலாம் என்று தீர்மானிப்பவர் அவர்தான். வெள்ளையாக, பொடியாக இருந்தால் நமக்கெல்லாம் மாவு. அவருக்கோ, சல்லடையில் இறங்கினால் ஒன்று, தங்கினால் வேறொன்று. எரித்துப் பார்த்துச் சாம்பல் அதிகமென்றால் மாட்டுத் தீவனம்.

எப்போதும் வரும் அதே பெட்டிகளை இந்தமுறை அவர் நிறுத்திவைத்தார். வீட்டு டப்பாவில் அடி தெரிந்தது.*

அக்கா நேரே கிளம்பிப் போனாள். நான் வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால்.

"அது மாவு இல்ல மேடம்! என் பொண்ணோட உசுரு!"

"மாவு இல்லன்னு எனக்கும் தெரியும்மா." தும்மல். "ஸ்டார்ச்தானான்னுதான் சந்தேகம். லேபுக்கு அனுப்பியிருக்கேன்."

"ஏன், எங்களைப் பாத்தா கடத்தல்காரங்க மாதிரி இருக்கா?"

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

அக்கா உட்காரவில்லை. தண்ணீரை மட்டும் குடித்தாள்.

(* அன்று இன்னொரு வீட்டு அம்மா தன் டப்பாவில் இருந்ததில் பாதியை எங்களுக்குக் கொட்டிக் கொடுத்தார். அவர் மகனுக்கும் இதே நோய். அவருக்குத் தனியாக ஒரு கதை எழுத வேண்டும். அவருக்கு இனிப்பு கொடுக்கலாம், தடையில்லை.)

4.

இனி வருவதை நீங்கள் நம்ப வேண்டும். கற்பனையில் எனக்கு இவ்வளவு வராது.

மேடம் ஒரு பையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து, காதருகே வைத்து நசுக்கிப் பார்ப்பாராம். பச்சை ஸ்டார்ச் விரலுக்கிடையில் கத்துமாம்.

"இது கத்தல," என்றார் அக்காவிடம். "லேசா முனகுச்சு. அவ்வளவுதான்."

"மேடம், உங்களுக்கு ஜலதோஷம். காது அடைச்சிருக்கும்," என்றாள் அக்கா.

"அதனாலதாம்மா லேபுக்கு அனுப்பினேன்."

ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்தார்கள். பச்சை ஸ்டார்ச் என்றால், அதற்கான வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்டார்ச் மணியிலும் ஒரு சிலுவைக்குறி தெரியும். வெந்துவிட்டால் குறி அழிந்துவிடும். எங்கள் சரக்கில் பாதி மணிகளுக்குக் குறியே இல்லை. ஆலையில் வேகவைத்து உலர்த்திய ஸ்டார்ச் எங்கள் பைகளில் கலந்துவிட்டிருந்தது.

மேடமே அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார். "இது வேற எண்ணுல போகுது. அது என் வேலை, விடுங்க. நான் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. இதைப் பாப்பாவுக்குக் குடுத்துடாதீங்க. மத்த வீடுகளுக்கும் சொல்லிடுங்க."

அக்கா நன்றிகூடச் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவே எப்படிச் சொல்வது? புதுச் சரக்கு வந்து, குட்டி அதைக் குடித்து, எல்லாம் அடங்கிய பிறகுதான் இனிப்புப் பெட்டியோடு போனோம்.

5.

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"நான் இப்படியாடா கத்தினேன்?"

"இதைவிட ஜாஸ்தி."

"அப்ப சரியா எழுது." பிறகு கேட்டாள். "ஏன்டா, கரைக்கும்போது நாமளே கண்டுபிடிச்சிருக்க மாட்டோம்?"

அவள் வேலைக்குப் போகும் நாட்களில் கரைப்பது நான்தான். யோசித்துப் பார்த்தேன். வெந்த ஸ்டார்ச் பச்சைத்தண்ணீரிலேயே கெட்டிப்படும்.

"கொஞ்சம் கெட்டியா இருக்கேன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்தியிருப்பேன்க்கா. 'குடிடா செல்லம்'னு குடுத்திருப்பேன்."

அக்கா எழுந்து போய்க் குட்டியைப் பார்த்தாள். குட்டி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சீவு," என்றாள் அக்கா. அந்த இடத்தைவிட்டு அவள் நகரவேயில்லை.

இந்தப் பகுதியைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

6.

முடிவுகள்:

(அ) மேடம் இதைப் படித்துக் கண்கலங்குகிறார். வேண்டாம். அவர் தும்முவார்.

(ஆ) மேடம் இதைப் படித்து, "இது கதையா, கட்டுரையா? எதுல சேர்க்கறது?" என்று லேபுக்கு அனுப்புகிறார். அக்கா சிரித்தாள். இருந்தாலும், கொடுக்க வந்த நன்றியைக் கேலியில் கரைத்த மாதிரி இருக்கிறது.

(இ) குட்டி அலுவலக வாசலில் ஓடிப்போய் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு...

இல்லை. அப்படி நடக்கவில்லை. உண்மையில் நடப்பது இதுதான்: புதுப் பை பிரிக்கும்போதெல்லாம் குட்டி ஒரு சிட்டிகையை எடுத்துக் காதருகே வைத்து நசுக்குகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிற்போம். "கத்துது மாமா!" என்பாள். அதற்கப்புறம்தான் டம்ளரை எடுப்பேன்.

அந்தச் சத்தத்தை எழுதத்தான் எனக்குத் தெரியவில்லை. 'கிறீச்' என்று எழுதிப் பார்த்தேன், கதவு. 'நறநற' என்றால் பல். எதுவும் அது இல்லை.

அதனால் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் சமையலறையிலும் சோளமாவு என்ற பெயரில் ஒரு டப்பா இருக்கும். அதுவும் ஸ்டார்ச்தான். எழுந்து போய் ஒரு சிட்டிகை எடுங்கள். காதருகே வைத்து நசுக்குங்கள். கேட்கிற சத்தம்தான் இந்தக் கதையின் முடிவு. அது கேட்டால் எங்கள் வீட்டில் குழந்தை நன்றாக இருக்கிறாள்.

மேடம், நீங்களும் கேளுங்கள். நீங்கள் வாங்கக்கூடாதது இதில் எதுவும் இல்லை.