நான் மிதித்தது பிரேக்கைத்தான்

அன்று காலை கார் கொட்டகையில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் மனைவி, என் மகன், எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடும் மெக்கானிக். எதிர்வீட்டுக்காரர் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நால்வரில் காருக்குள் இருந்தவன் நான் மட்டும். அது என் அப்பா வாங்கிய கார். அதை அளவெடுத்துத்தான் கொட்டகையே கட்டினார். டிரைவர் கதவு திறக்கும் இடத்தில் மட்டும் சுவரைக் குழிவாக விட்டிருந்தார். கொட்டகைக்கு வெள்ளையடித்ததால் இரவெல்லாம் பனியில் நின்ற காரை அன்று உள்ளே விட்டேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமியது. பிரேக்கை மிதித்தும் இரண்டடி கூடுதலாகப் போய், மரப்பெட்டியில் முட்டி நின்றது. சாவியைத் திருப்பி அணைத்தேன். கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. குழிவைத் தாண்டிவிட்டதால் அதற்கு மேல் சுவர். மறுபக்கம் பழைய கட்டில்கள்.

“பின்னால தள்ளிடலாம்ப்பா,” என்றான் மகன்.

“கை வைக்காதே. முதல்ல மெக்கானிக்கக் கூப்பிட்டு ஆக்ஸிலேட்டர் கேபிளைப் பார்க்கச் சொல்லு.”

“கேபிள் என்ன பண்ணும்? கால் மாறிடுச்சு, ஒத்துக்குங்க. இனிமே நீங்க ஓட்ட வேணாம். சாவியக் குடுத்துடுங்க.”

தள்ளுகிற குலுக்கலில் கேபிள் தானாக விடுபட்டுவிட்டால் என் காலுக்கு வேறு சாட்சி கிடையாது. அசையாமல் உட்கார்ந்தேன்.

“உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?” என்று மனைவி தண்ணீர் நீட்டினாள். இடுக்கில் டம்ளர் நுழையவில்லை.

மகன் ஸ்பேனரைக் கூட்டி வந்தான். எங்கள் காரில் வெளியாள் கை பட்டதில்லை என்பது எங்கள் வீட்டுப் பெருமை; நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் பெட்டிமேல் ஏறி பானெட்டைத் தூக்கினான். என் கண்ணெதிரே வெறும் தகரம். குரல்கள் மட்டும் வந்தன.

“ஐயா, மிதிங்க. ம், விடுங்க.”

விட்டேன். மிதி மேலே வரவில்லை.

“கேபிள்தான் பிடிச்சிருக்கு. ஐயா கால் மேல தப்பே இல்லை.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அட, உள்ள வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. தேங்கா எண்ணெய் வாசம்! கேபிளுக்கு யாருங்க தலை வாரி விட்டது?”

போன வாரம் மிதி சற்று இறுகியது. மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. மனைவியின் புட்டியை எடுத்து, காகிதக் கூம்பு செருகி ஊற்றினேன். குளிரில் உறையும் என்பது தோன்றவே இல்லை.

“யாரும்மா ஊத்தினது?” என்றான் மகன்.

“எனக்கெப்படிடா தெரியும்?” என்றாள், புட்டி பாதியானதை என்னிடமே கேட்டவள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கதவைப் போல நானும் நான்கு விரலுக்கு மேல் திறக்க முடியாமல் இருந்தேன்.

ஸ்பேனர் கேபிளைக் கழற்றி உத்தரத்தில் தொங்கவிட்டான். மண்ணெண்ணெய் விட்டு, உள்கம்பியை மேலும் கீழும் இழுத்துக் கழுவினான். பிறகு மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டான். அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

“என்னப்பா ஸ்பேனர், எண்ணெய ஊத்திப் பெரியவர் வண்டியக் கெடுத்துட்டியா?”

“ஆமாங்க, நம்ம கைராசி அப்படி,” என்று சிரித்தான் ஸ்பேனர்.

காருக்குள் எனக்கு நன்றாகவே கேட்டது. ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை.

கேபிளை மாட்டியதும் மிதி துள்ளி மேலே வந்தது. காரைத் தள்ளினார்கள். நான் இறங்கினேன்.

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா,” என்றான் மகன். அதையும் பேசாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த மாதம் இரண்டு பேர் ஸ்பேனரிடம் விட்ட கார்களைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். பெரியவர் காரையே கெடுத்தவன் என்று தெருவில் பேச்சாம்.

அது தவறு. அவன் வருமுன்பே கேபிள் உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றியவன் நான்.