ஒரு சொல் குறைவாக

காலை பதினோரு மணி நெருங்கினால் அந்தக் குடிநீர் அலுவலகத்தில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார்கள். அதிகாரியின் அறைக் கதவில் அன்றைய ஒன்பது ஆங்கில எழுத்துகள் ஒட்டியிருக்கும். நடுவில் இருப்பதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்து எழுத்து கட்டாயம் வர வேண்டும், மற்றதை இஷ்டம்போல் சேர்க்கலாம். எத்தனை சொல் தேறுகிறது என்பதுதான் போட்டி. மூளைக்கு உடற்பயிற்சி என்பார் அதிகாரி. ஊரில் பாதிக்குத் தண்ணீர் வராத நாளிலும் இந்தப் பயிற்சி நின்றதில்லை. மணியடித்ததும் எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நிற்க, தலையணை பருமனுள்ள அகராதியின் மேல் உள்ளங்கையை வைத்து, பதவிப் பிரமாணம் எடுக்கிறவர் போல, "எனக்கு இருபத்தாறு. உங்களுக்கெல்லாம்?" என்பார். அலுவலகத்தில் அவருக்கு அகராதி என்றே பெயர். 'பிடித்தவர்' என்ற பாதியை மரியாதை கருதி விட்டிருந்தார்கள்.

எழுத்துகளைத் தட்டினால் சொற்களைக் கொட்டுகிற இணையதளம் ஒன்று உண்டு. அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள், போனில், அது திறந்திருக்கும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியில் நீலமாக ஒளி அடிக்கும். நம்பும்படியாக இருக்கட்டும் என்று அவரும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார். வெளியே மற்றவர்கள் பார்ப்பதும் அதே தளம். எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டி; யார் குழாயை எவ்வளவு திருகி மூடுகிறார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். மீட்டர் பார்ப்பவர் பன்னிரண்டோடு மூடிவிடுவார். பம்பு மெக்கானிக்கின் கணக்கு எட்டு. "அதுக்கு மேல போனா, இவ்வளவு படிச்சவன் ஏன் பம்புகிட்ட இருக்கேன்னு கேட்பாங்க" என்பார்.

குழாய்ப் பாதைகளுக்குப் படம் போடும் வரைபடக்காரன் மட்டும் அந்தத் தளத்தைத் தொட்டதில்லை. அவனுக்கு அது தேவைப்படவில்லை. மனைவியும் மகளும் ஆறு மணி நேர பஸ் பயணத் தொலைவில் இருக்க, ஒற்றை அறையில் ஒன்றரை வருடமாகக் கிடப்பவனுக்கு, எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் மனம் அதைக் கலைத்துப் போட்டு அடுக்கத் தொடங்கிவிடும். பற்பசை உறை, பஸ்ஸின் நெற்றி, தீயணைப்பான் மேல் எழுதிய எச்சரிக்கை எதுவும் தப்பாது. தூக்கம் வராமல் ஆடு எண்ணுகிறவர்கள் உண்டு. அவன் ஆட்டின் எழுத்துகளையும் பிரித்துவிடுவான். காகிதத்தில் நாற்பது சொல் இருக்கும். ஆனால் அதிகாரி இருபத்தாறு என்றால் அவன் இருபத்தைந்து என்பான். எட்டும் பன்னிரண்டும் சொன்னால் அது தோல்வி இல்லை, அலட்சியம். ஒரே ஒரு சொல்லில் தோற்றால்தான் ஜெயித்தவருக்கு வியர்க்கும், வியர்த்தால்தான் இனிக்கும் என்பது அவன் எண்ணம். மாற்றல் விண்ணப்பம் போட்டவன் இதையெல்லாம் யோசிக்காமல் முடியுமா?

மனைவி இருக்கும் ஊரிலேயே ஒரு இடம் காலி. அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் இன்று நாலு மணித் தபாலில் போக வேண்டும். போகாவிட்டால் பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும். கோப்பு மூன்று வாரமாக அசையவில்லை. காலையில் மனைவி போனில் சொன்னாள்: "பாப்பா பக்கத்து வீட்டுல போய், எங்கப்பா கழுத்து வரைக்கும்தான் இருப்பாருன்னு சொல்லியிருக்கா. போன்ல பார்த்துப் பார்த்து அப்படி ஆயிடுச்சு. சிரிச்சேன், ஆனா சிரிப்பு வரலைங்க." அதிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்கேல் நழுவியது. நேர்கோடாகப் போக வேண்டிய குழாய் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது.

மூன்றரை மணிக்குத் தலைமை எழுத்தர் அக்கா அவன் மேசைக்கு வந்து, குனிந்து, படத்தைப் பார்ப்பதுபோல் பேசினார்.

"தம்பி, அந்தக் கோப்புல போடுறதுக்கு இப்பதான் குறிப்பு டைப் அடிச்சுக் குடுத்துட்டு வரேன். 'இவரது பணி இவ்வலுவலகத்துக்கு இன்றியமையாதது, விடுவிக்க இயலாது.'"

"நான் போடுற கோடே கோணலா இருக்கேக்கா. நான் எதுக்கு?"

"கோட்டுக்கு யாரு உன்னைக் கேட்டா? அவருக்கு ஈடு குடுக்க இந்தக் கட்டடத்துல நீ ஒருத்தன்தானாம். நீ போயிட்டா யாரோட ஆடுறதுன்னு என்கிட்டயே கேட்டாரு. எட்டு சொல்லியிருந்தா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்ப. அழகாத் தோத்தியே, அனுபவி."

தோற்பதிலும் நல்ல பெயர் எடுத்துத் தொலைத்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. காலையில் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனான். கோப்பு திறந்திருந்தது. அதன் மேல் அக்காவின் குறிப்பு, கையெழுத்துக்காக.

"சார், காலையில நான் சொன்னது பொய். இருபத்தஞ்சு இல்ல, நாற்பத்தொண்ணு."

அதிகாரி தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். "நாற்பத்தொண்ணு எப்படி? மொத்தமே முப்பத்தொம்பதுதானே இருக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அவர் மெதுவாக முழங்காலால் இழுப்பறையை மூடினார். பிறகு அகராதியைத் திறந்து, தளத்தில் இல்லாத அந்த இரண்டையும் தேடினார். இரண்டும் இருந்தன. அகராதியைக் கை வைப்பதற்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு அவர் பயன்படுத்தி அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"சேர்ந்த நாள்லேர்ந்து, சார்."

கோபப்படுவார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் ஒரு வெள்ளைத்தாளில் தன் கையாலேயே ஒன்பது எழுத்துகளை எழுதி, நடுவில் வட்டம் போட்டு, இன்னொரு தாளிலும் படியெடுத்து ஒன்றை அவன் பக்கம் தள்ளினார். இழுப்பறையிலிருந்து போனை எடுத்து, அணைத்து, மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"ஒரே ஆட்டம். கையால. ஜெயிச்சா இந்தக் குறிப்பைக் கிழிச்சுட்டு உங்க கடிதத்துல கையெழுத்துப் போடுறேன். விட்டுக்குடுத்தீங்கன்னா எனக்குத் தெரியும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஆட்டம்."

பத்து நிமிடத்தில் அவனிடம் முப்பது சேர்ந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். எதிரே அதிகாரி இடக்கையை வளைத்துத் தாளை மறைத்திருந்தார், பரீட்சையில் காப்பி அடிக்க விடாத பையனைப் போல. மறைப்புக்கு மேலே மூன்று சொற்கள் தெரிந்தன. மூன்றும் மூன்றெழுத்து. மூன்றாவதில் ஒரு எழுத்து அந்த ஒன்பதிலேயே கிடையாது. நெற்றியில் வேர்வை, அதைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த முகத்தை இப்படி யாரும் பார்த்திருக்க முடியாது. அதில் ஒரு அவமானமும் இருந்தது, அதைவிட ஒரு பசியும் இருந்தது.

அக்கா கதவைப் பாதி திறந்தார். "சார், மூணு அம்பது. தபால்காரர் பையைக் கட்டுறாரு."

"இரும்மா. ஒண்ணு வருது."

அவர் தேடிய சொல் எதுவென்று வரைபடக்காரனுக்குத் தெரிந்தது. தலைகீழாகப் பார்த்தாலே தெரிகிற சொல். சொல்லிக்கொடுத்தால் மனிதர் இத்துடன் போதும் என்றுகூடச் சொல்லிவிடலாம். இல்லை, எழுந்து வெளியே போ என்றும் சொல்லலாம். அவன் உதடுகள் பிரிந்து, மூடிக்கொண்டன. நாற்காலிக்குக் கீழே அவனுடைய இரண்டு கால்களும் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. எதிரே பென்சில் முனை இறங்கி, தாளைத் தொடுமளவுக்கு வந்து, ஒரு கோடு கிழித்து, அங்கேயே நின்றது.