உளவாளி சொன்ன ஓம்

படம் முடிந்ததும் சிரிப்பதா திட்டுவதா என்று பஹ்மியாவுக்குத் தெரியவில்லை. வாய்விட்டுத் திட்டலாம் என்றால், கதாநாயகி அவளோடு ஒரே மருந்துக்கடையில் வேலை செய்யும் டிலக்சனா.

துறைமுகத்துக் கடத்தல்காரரைப் பிடிக்கப்போகும் பெண் உளவாளியின் கதை. கதையா அது? ஓட்டோவில் துரத்துகிறார்கள், துரத்துகிறார்கள், மூன்று தரமும் அதே மணிக்கூட்டுக் கோபுரச் சந்தி. வில்லன் கையில் இருந்தது துவக்கா, தலைமயிர் உலர்த்தும் மெஷினா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். படத்தை எடுத்த ரஜீவனின் காதைத் திருகவேண்டும் போலிருந்தது.

ஆனால் டிலக்சனா? குளிசை எண்ணிக் கொடுக்கிற டிலக்சனாவா இது? சென்னைப் பணக்காரியாக வேஷம் போட்டு, கடத்தல்காரரின் வள்ளத்திலேயே ஏறி உட்கார்ந்து அவள் செய்த அட்டகாசத்தில், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் சிரித்தாள் பஹ்மியா. அவளுக்கு நெஞ்செல்லாம் பெருமை.

மண்டபத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் டிலக்சனா முகம் தொங்கிப்போய் இருந்தாள்.

"ரஜீவன் அடுத்த படத்துக்கும் கேக்கிறான். இண்டைக்கே முடிவு வேணுமாம். ஏலாது எண்டு சொல்லப்போறன்."

"ஏன் புள்ள?"

"'நீங்க சென்னையா?' எண்டு வில்லன் கேக்கேக்கை நான் என்ன சொன்னனான்?"

பஹ்மியா யோசித்தாள். "ஓம் எண்டு சொன்னனீ."

"சென்னைக்காரி ஓம் எண்டு சொல்லுவாளா? ஆமா எண்டெல்லோ சொல்லோணும். அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்க வேணும். இண்டைக்குத் திரையில பாக்கேக்கைதான் எனக்கே விளங்கினது. மானம் போச்சு."

பஹ்மியாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. எழுதினவன், நடித்தவன், வெட்டி ஒட்டினவன் எல்லாரும் ஆமாவுக்கு ஓம் சொல்லியே வளர்ந்த திருகோணமலைக்காரர். ஒருத்தர் காதிலும் அது உறைக்கவில்லை.

"சிரிக்காத. எனக்கு நடிப்பு வராது, அவ்வளவுதான்." டிலக்சனாவின் கண் கலங்கிவிட்டது.

இவள் உண்மையிலேயே விட்டுவிடப்போகிறாள். பஹ்மியா கோப்பையை வைத்தாள்.

"இஞ்ச பார். எட்டு வருஷமா உன்ர பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறன். நானே கவனிக்கேல்ல. மண்டபம் நிறைய சனம், ஒருத்தரும் கவனிக்கேல்ல. நீ சென்னைக்காரி எண்டு அப்பிடியே நம்பிப்போட்டம். ஓம் எண்டு சொல்லியும் நம்பினம். இதுக்கு மேல என்ன நடிப்பு வேணும்?"

"அப்ப படம்?"

"படம் குப்பை. அதை அவனுக்கு நானே சொல்லுறன். நீ குப்பையில்ல."

டிலக்சனா மூக்கைத் துடைத்துக்கொண்டு ரஜீவனுக்குப் போன் எடுத்தாள்.

"நான் நடிக்கிறன். ஆனா கதையைப் பஹ்மியாதான் எழுதோணும்."

"எனக்கு ஏலாது, எனக்கு ஏலாது" என்று பஹ்மியா சத்தம் வராமல் வாயசைத்து இரண்டு கையையும் ஆட்டினாள். டிலக்சனா அவளையே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிவும் இல்லாமல், "அவவுக்குச் சரியான சந்தோஷமாம்" என்றாள்.

ரஜீவன் அப்படியே நம்பிவிட்டான்.