வயதுக்குக் கட்டம் இல்லாத படிவம்

அணை அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் கோழிக்காரி. நீர்த்தேக்கத்தில் நாமக்கோழி என்ற நீர்ப்பறவைகளை எண்ணுவது நான்கு வருடமாக அவள் வேலை. வளர்ந்த பறவைக்குக் கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை. அந்த வருடத்துக் குஞ்சு மட்டும் பழுப்பாக இருக்கும், பட்டை சரியாக ஏறியிருக்காது. அதனால் கிழம் எது, இளசு எது என்று படகிலிருந்தே பிரித்துவிடுவாள்.

இந்த முறை மொத்தம் முன்னூற்று நாற்பது. அதில் குஞ்சுகள் பதினொன்று.

"போன வருஷம் எவ்வளவும்மா?" என்றார் அதிகாரி.

"முன்னூத்தி நாப்பத்தாறு சார்."

"அப்ப பெருசா கொறையலையே. 'நிலையாக உள்ளது'ன்னு போட்டுடுங்க."

"எல்லாம் கிழடு சார். முதியோர் இல்லம் நெறஞ்சிருக்குங்கறதுக்காக ஊர் வளருதுன்னு சொல்ல முடியுமா?"

அதிகாரி சிரித்தார். "நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா படிவத்துல வயசுக்குக் கட்டம் இல்லையே."

குஞ்சுகள் குறைந்ததன் காரணம் அவளுக்குத் தெரியும். நாமக்கோழி கோரைப்புல்லோடு பிணைத்து நீர்மட்டத்தை ஒட்டிக் கூடு கட்டும். நீர் நாளுக்கு அரையடி ஏறினால் தானே புல்லை அடுக்கிக் கூட்டை உயர்த்திக்கொள்ளும். மதகை ஒரேயடியாக மூடி இரண்டடி ஏற்றினால் முட்டைகள் தண்ணீரோடு போகும். இதை நான்கு கடிதங்களில் எழுதிவிட்டாள். பறவை எங்கள் பொறுப்பல்ல என்றது நீர்த்துறை. தண்ணீர் எங்கள் பொறுப்பல்ல என்றது அவளுடைய துறை.

மதகை இயக்குபவர் அவள் கணவரின் தம்பி. சாப்பிடும்போது அவரையும் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா மூடினா கை தேஞ்சா போயிடும்?"

"வேலை தேஞ்சு போயிடும் அண்ணி. ஃபோன் வந்தா மூடணும், ஃபோன் வந்தா தெறக்கணும். நடுவுல எனக்கு மூளை கெடையாது."

முதல் முட்டைகளைத் தண்ணீர் கொண்டுபோன பின்னும் பறவைகள் சளைக்காமல் இரண்டாம் முறை முட்டையிட்டன. முப்பத்தொரு கூடு. ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கொழுந்தன் கூப்பிட்டார்.

"அண்ணி, பதினோரு மணிக்கு முழுசா மூடச் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

படகை எடுத்துக்கொண்டு ஓடினாள். கோரையை அறுத்துக் கூடுகளுக்கு அடியில் திணித்தாள். தாய்ப்பறவைகள் கத்திக்கொண்டு கையைக் கொத்தின. பொழுது சாய்வதற்குள் ஏழு கூடுகளைத்தான் தூக்க முடிந்தது.

மறுநாள் பார்த்தால் மற்ற இருபத்து நான்கும் இருந்த இடம் தெரியவில்லை. முட்டைகள் கரையோரம் குப்பையோடு மிதந்தன. தூக்கிய ஏழிலும் நான்கை, அவள் கை பட்ட மிரட்சியில், பறவைகள் கைவிட்டிருந்தன. தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மிச்ச மூன்றில் பொரித்த குஞ்சுகளில் மாதக் கடைசிவரை தாக்குப்பிடித்தவை ஆறு.

"முன்னூத்தி நாப்பதோட ஆறு," என்று விரல் விட்டு எண்ணிய அதிகாரியின் முகம் மலர்ந்தது. "போன வருஷக் கணக்கு அப்படியே வந்துடுச்சு பாருங்க. நான்தான் சொன்னேனே, நிலையா இருக்குன்னு."

அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள். வயது. கூடு. பொரித்தது. பிழைத்தது.

"பின்பக்கம் யாரும் பாக்கமாட்டாங்கம்மா."

"தெரியும் சார்."

ஆத்திரத்தில் அழுத்தியதில் ஸ்கேல் நழுவி ஒரு கோடு சாய்ந்துவிட்டது. அதை அழிக்கவில்லை, அப்படியே எண்களை எழுதினாள்.